இடைவெளியும் புள்ளியும்

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை தில்லை நகரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த நண்பர் தன் வலைத்தளத்தில் புதிதாக ஒரு கட்டுரை ஏற்றியிருப்பதாகச் சொன்னார். விலாசம் கேட்டேன். என் சட்டைப்பையில் எப்போதும் நான்காக மடித்த ஒரு பணம் கட்டும் சலான் இருக்கும். வங்கிக் குமாஸ்தாவுக்கு நோட்டுப் புத்தகம் அதுதான். அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். தளத்தின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு கட்டுரையின் தலைப்பு: ஸ்ரீரங்கத்து வீதிகள். நல்ல கையெழுத்து. வீட்டுக்கு வந்து கைபேசியில் அப்படியே அடித்தேன். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று பதில் வந்தது.

இடைவெளி விட்டு அடித்தேன், விடாமல் அடித்தேன், இடைவெளிக்குப் பதில் ஒரு சிறுகோடு போட்டுப் பார்த்தேன். இல்லை. நண்பருக்குப் போன் செய்தேன். ‘இருக்கிறதே, என் முன்னால் திறந்து வைத்திருக்கிறேன்’ என்றார். விலாசத்தை நகல் எடுத்து அனுப்பினார். வந்து சேர்ந்தது தமிழ் அல்ல; ஒன்றரைச் சாண் நீளத்துக்கு விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துக்களும். அதைத் தொட்டதும் பக்கம் திறந்துகொண்டது. மேலே விலாசக் கட்டத்தில் நான் அடித்த அதே எழுத்துக்கள், நான் மூன்றாவது தடவை போட்ட அதே சிறுகோடு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

வங்கிக்காரனுக்கு விழுக்காட்டுக் குறி என்றால் வட்டி. இங்கே அதற்கு வேறு வேலை. எனக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்களை எழுத்தாகப் படிக்காதே, ஒரு எழுத்தின் துண்டாக எடுத்துக்கொள் என்று யந்திரத்துக்குச் சொல்வது. தில்லை நகர் என்பது இலக்கணப்படி ஆறு எழுத்து. யந்திரம் அதைப் பத்தாக உடைக்கிறது: தகரம் தனி, அதன் மேல்விலங்கு தனி, லகரம் தனி, அதன் தலைப்புள்ளி தனி. பத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களும். ஆக 90. நடுவில் இருக்கும் ஒன்றுமில்லாத இடத்துக்கு %20 என்று இன்னும் மூன்று. மொத்தம் 93. ஆறுக்கு 93 என்பது எந்தக் கந்துவட்டிக்காரனும் கேட்காத வட்டி.

இது கணிப்பொறிக்காரர்களின் விவகாரம், இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு இதில் பழைய ஒரு கேள்வி கிடைத்தது. ஒரு பெயரை எழுதுபவர் ஒருவர், அதைப் பெற்றுக்கொள்பவர் ஒருவர் என்றால், இருவருக்கும் நடுவே நேரும் வித்தியாசத்தின் சுமையை யார் தாங்குவது? எழுதியவரா, வாங்கியவரா? நான் பதினோரு வருஷமாகக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருப்பவன். ஆகவே கேள்வி என்னையும் தொடுகிறது.

விதிகளை எழுதியவர்களைத் திட்டுவது சுலபம். வெள்ளைக்காரன் தன் 26 எழுத்துக்கு ஏற்றபடி சட்டை தைத்துவிட்டு நம்மை அதற்குள் நுழையச் சொல்கிறான் என்று நாலு வரி எழுதிவிடலாம். நானும் அந்த உத்தேசத்தோடுதான் படிக்க உட்கார்ந்தேன். படித்த பிறகு திட்ட வரவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீயும் இன்னும் இருவரும் 1994 டிசம்பரில் வெளியிட்ட விதிக்குறிப்பு, இடைவெளி ஏன் ஆபத்தானது என்று காரணம் சொல்கிறது. கையால் பிரதி எடுக்கும்போதும் அச்சுக் கோக்கும்போதும் இடைவெளி காணாமல் போகும், அல்லது இல்லாத இடத்தில் புதிதாக முளைக்கும். அச்சகத்தில் புரூஃப் பார்த்த எவருக்கும் இது அனுபவ உண்மை. 2005 ஜனவரியில் அது திருத்தி எழுதப்பட்டபோது ஒரு சிறு காட்சியே வைத்திருக்கிறார்கள். ஒரு மகாநாட்டுக்கு வந்த சாம், கிம் என்ற இருவர் மதுக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் கை துடைக்கும் காகிதத்தில் ஒரு விலாசத்தை எழுதிக் கொடுக்கிறார். ஊருக்குத் திரும்பியவர் அதைப் பார்த்து அடித்தால் பக்கம் திறக்கவேண்டும். அதற்காகத்தான் எழுத்துக்கள் குறைவாக இருக்கவேண்டும், எங்கும் உள்ள தட்டச்சுப் பலகையில் இருப்பவையாக இருக்கவேண்டும் என்கிறது குறிப்பு. வேறு வேலை எதற்கும் ஒதுக்கப்படாமல் உள்ளபடியே போகக்கூடியவை 66: பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, குறி நான்கு. இடைவெளி அந்த நான்கில் இல்லை.

பழக்கமான சொற்களால் ஆன விலாசம்தான் மனிதருக்கு ஞாபகம் இருக்கும் என்றும், இந்த இரண்டு நோக்கங்களும் எப்போதும் ஒத்துப்போகா என்றும் அதே பக்கத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். நேர்மையான பக்கம். அதே மாதம் வந்த இன்னொரு குறிப்பு, உலகின் எல்லா எழுத்துக்களையும் விலாசத்தில் எழுத வழி சொன்னது. ஆனால் வழியில் போகும்போது விழுக்காட்டு வேஷம் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட்டு என்ற கணக்கும் சாப்பாட்டு மேஜையில் பிறந்ததுதான். கென் தாம்ஸனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூ ஜெர்ஸியில் ஓர் உணவு விடுதியில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் எழுதியது அது. மதுக்கடைக் காகிதம் கற்பனை, இது நடந்தது. எங்கள் காப்பிக் கடைச் சலானையும் இந்த வரிசையில் வைக்கலாம். வித்தியாசம் ஒன்றுதான்: நண்பர் எழுதிக் கொடுத்ததை நான் பார்த்து அடித்தேன், பக்கம் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு வருகிறேன். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பெயரில் ஓர் எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு உண்டு. யந்திரத்தில் அதை இரண்டு விதமாக எழுதலாம். கோடு போட்ட எழுத்தை ஒரே எழுத்தாகவோ, எழுத்தையும் கோட்டையும் தனித்தனியாகவோ. பார்வைக்கு ஒன்றே. இரண்டும் சமம் என்று யூனிகோடு தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறது. அமல்படுத்துவது அந்தந்த நிரல்காரரின் சிரத்தையைப் பொறுத்தது. தமிழில் ‘கொ’வுக்கும் இதே கதை. முன்கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். சமம் என்று தீர்ப்பு உண்டு. ‘கௌ’ எழுதவேண்டிய இடத்தில் கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அது சமமே அல்ல, ஆனாலும் ஒரு தமிழ் வாசகன் அதில் தடுக்கி விழுந்ததில்லை.

ஸ்ரீ விஷயம் வேறு. முதலில் அதை ஸகரத்தில் தொடங்கி எழுதிவந்தார்கள். 2005-இல் வடமொழிச் சகரத்துக்கு என்று இன்னோர் எழுத்து யூனிகோடில் சேர்ந்தது. அதிலிருந்து தொடங்கி எழுதினால்தான் சரி என்று ஆயிற்று. பழைய வழக்கமும் போகவில்லை. இரண்டு வழியாக வந்தாலும் திரையில் விழும் உருவம் ஒன்றே. இந்த இரண்டும் சமம் என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆகவே நண்பர் தன் கம்ப்யூட்டரில் அடித்த ஸ்ரீரங்கமும் என் கைபேசி அடித்த ஸ்ரீரங்கமும், யந்திரத்தின் பிரக்ஞையில், திருச்சியும் தூத்துக்குடியும் போல வேறு வேறு ஊர்கள். காவேரிக்கு இந்தக் கரையிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிறது. விலாசம் அடித்தால் ஊர் இல்லை.

புள்ளியையும் இடைவெளியையும் தாங்காத ஓர் எழுதுபரப்பு தமிழுக்குப் புதிதல்ல. ஓலையும் தாங்கவில்லை. புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பார்கள். சொற்களுக்கு நடுவே இடம் விடும் வழக்கமும் இல்லை. தொல்காப்பியம் மெய்க்கும், எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி சொல்லியிருந்தும் ஏட்டில் புள்ளி இல்லை. ரகரமும் காலும் ஒரே கோடு. கர, கர், கா மூன்றும் ஒரே தோற்றம். பெறுவும் பேறும் ஒன்று. குறில் நெடில் வித்தியாசத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் என்பது வழக்கு. அதற்கு 18ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. நம் ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, ஏட்டில் இல்லாத ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு இடைவெளியையும் யாரோ ஒருவர் முடிவு செய்து போடவேண்டியிருந்தது. யாப்பும் சந்தமும் பொருளும் கூடிவரும் இடத்தில் புள்ளி விழுந்தது. தப்பாக விழுந்த இடங்களும் உண்டு, அடுத்த பதிப்பில் திருத்திக்கொண்டார்.

ஏடு தன் குறையை வாசகனிடம் ஒப்படைத்தது. எழுதாமல் விட்டதை நீ போட்டுக்கொள்வாய் என்று நம்பியது. ஆகவே ஏட்டைப் படிப்பது என்பது, சொல்லப்போனால், எழுதியவன் மேல் வைக்கும் ஒரு மரியாதை: இவன் அர்த்தம் உள்ள எதையோ எழுதியிருக்கிறான், அது என்ன என்று நான்தான் கண்டுபிடிக்கவேண்டும். வலைத்தளத்தின் விலாசமும் அதே புள்ளியையும் இடைவெளியையும் மறுக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் படிப்பவர் யாரும் இல்லை. அங்கே நடப்பது பொருத்திப் பார்த்தல். பூட்டு சாவியைப் படிப்பதில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் யந்திரத்தின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நம் பத்திரிகைகளில் யந்திரத்தைத் திட்டி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிகின்றன. என் தொழில் அனுமதிக்கவில்லை.

இடைவெளி ஆபத்து என்பதை வங்கிக்காரன் பெர்னர்ஸ்-லீக்கு முன்பே அறிவான். செக்கில் தொகைக்கு முன்னால் இடம் விடாதீர்கள், எழுத்தில் எழுதி முடித்ததும் ‘மட்டும்’ போட்டுக் கோடு இழுத்துவிடுங்கள் என்று தினம் யாருக்காவது சொல்கிறேன. வங்கித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோரும் லண்டன் ஜாயிண்ட் ஸ்டாக் வங்கி வழக்கைப் படித்திருப்பார்கள். ஒரு கம்பெனியின் நம்பிக்கைக்குரிய குமாஸ்தா 2 பவுனுக்கு ஒரு செக் எழுதி, எண்ணுக்கு இரு பக்கமும் இடம் விட்டு, எழுத்தால் எழுதும் இடத்தையும் காலியாக விட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கினான். பிறகு முன்னால் ஒரு ஒன்று, பின்னால் ஒரு பூஜ்யம். 120 பவுன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இடைவெளி விட்ட செக்கில் கையெழுத்திட்ட வாடிக்கையாளர்தான் நஷ்டத்தைத் தாங்கவேண்டும் என்று 1918-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. சுமை எழுதியவர் தலையில். அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. (இதே இடைவெளியை நம் கவிகள் வரிக்கு வரி தாராளமாக விடுகிறார்கள். அங்கே எவனும் பூஜ்யம் சேர்த்து எதையும் கொண்டுபோகப் போவதில்லை என்பதால் இருக்கலாம்.)

கம்ப்யூட்டர்க்காரர்களும் தாராளத்தை முயன்று பார்த்தவர்கள்தான். ஜான் போஸ்டல் 1980-இல் எழுதிய ஒரு விதிக்குறிப்பில், அனுப்பும்போது கறாராகவும் பெறும்போது பொறுமையாகவும் நடந்துகொள்வதை ஒரு கொள்கையாகவே வைத்தார். யந்திர நூல் ஒன்றில் இப்படி ஒரு நீதி வாக்கியம் இருப்பது எனக்கு ஆச்சரியம். அதன் விலையும் தெரிந்தது. 2000-இல் மைக்ரோஸாஃப்டின் வலைச் சேவை நிரலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. சாய்கோட்டை விதிப்படி ஒரு பைட்டில் எழுதவேண்டும். அதை இரண்டு பைட்டாகக் கோணலாக எழுதி விழுக்காட்டு வேஷத்தில் அனுப்பினால் வாசலில் இருந்த காவல் அதைச் சாய்கோடு என்று அறியவில்லை. உள்ளே போனதும், பரவாயில்லை, இதுவும் சாய்கோடுதான் என்று பெருந்தன்மையோடு படித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நிம்டா என்ற புழு உலகம் முழுவதும் நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. வேறு எழுத்தில் உள்ள ஒத்த உருவங்களை வைத்துக் கள்ள விலாசம் செய்வதும் இதே ஜாதி. நான் நுனிப்புல் மேய்ந்து சொல்லவில்லை. மாதாமாதம் யாராவது ஒரு வாடிக்கையாளர் அப்படி ஒரு விலாசத்தைத் தொட்டுப் பணத்தைத் தொலைத்துவிட்டு என் முன்னால் வந்து நிற்கிறார்.

ஆக, படிப்பதற்கும் பொருத்திப் பார்ப்பதற்கும் தனித்தனி நியாயம் இருக்கிறது. எது எங்கே என்பதுதான் சிக்கல்.

இந்தத் தொல்லையே வேண்டாம், தலைப்பை ஆங்கில எழுத்தில் போட்டுவிடலாமே என்றேன் நண்பரிடம். பெரும்பாலான தமிழ்த் தளங்கள் அப்படித்தான் செய்கின்றன. எந்த ஆங்கில எழுத்தில் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த ஊரை ட்ரிச்சினாபொலி என்று எழுதினார்கள். சிந்தாமணி அச்சான அதே 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் ஒரு சுருட்டின் பெயராக அது இருக்கிறது. கல்லூரியில் அதைப் படித்தபோது ஏதோ கிரேக்க ஊர் என்றே நினைத்தேன். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூருக்கு எழுத்துக்கள் கூடின. வேலூருக்கு வே நீளவேண்டும் என்று இரட்டை எழுத்துப் போட்டதில் அது வீலூர் ஆகிவிட்டது. கேலி பெருகி, அதே மாதத்திலேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. லகர ளகர ழகரத்துக்கும் நகர னகர ணகரத்துக்கும் 26 எழுத்தில் எங்கே போவது?

நம் தபால் இலாகா கண்ட வழி எனக்குப் பிடித்தமானது. ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊருக்குப் பல மொழியில் பல எழுத்து என்ற குழப்பத்துக்காக 1972 ஆகஸ்டு 15-இல் பின்கோடு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவி. கவியானதால்தானோ என்னவோ, பெயரை அவர் தொடவில்லை. பக்கத்தில் ஓர் எண்ணை வைத்தார். 620018 என்பது யந்திரம் பொருத்திப் பார்க்க. தில்லை நகர் என்பது தபால்காரர் படிக்க. தில்லைநகர் என்று சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும், குறுக்குத் தெரு எண் அழிந்திருந்தாலும் கடிதம் வருகிறது.

நண்பர் கடைசியில் ஒன்று செய்தார். வழிமாற்று என்று தமிழ் விக்கிப்பீடியாக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஸ்ரீயில் வருகிறவரையும் இந்த ஸ்ரீயில் வருகிறவரையும், இடைவெளியோடு வருகிறவரையும் கோடு போட்டு வருகிறவரையும், ஒரே பக்கத்துக்கு அனுப்ப ஆளுக்கு ஒரு வரி. எழுத அவருக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்த வரியை யந்திரம் தானாக எழுதாது. இரண்டையும் பார்த்த ஒருவர், இதுவும் அதுவும் ஒன்றே என்று தன் பொறுப்பில் எழுதவேண்டும்.

அவர் அதைச் சொன்னபோது எனக்கு ஒரு பாட்டியின் ஞாபகம் வந்தது. பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதில் ஒரு ழகரம் உண்டு. எட்டு வருஷமாக மாதம் தவறாமல் என் கவுண்டருக்கு வருகிறவர். வங்கிப் பதிவில் பெயர் ஒரே சொல், ழகரத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்து. அடையாள அட்டையில் இரண்டு சொல், ழகரத்துக்கு வெறும் ‘எல்’. கண் ஆபரேஷனுக்காக ஒரு சிறு வைப்புத் தொகையை எடுக்க வந்தார். பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரை சொன்னது. நானும் அதையே சொன்னேன்.

‘ஏம்ப்பா, நான்தான்னு உனக்குத் தெரியாதா?’

‘எனக்குத் தெரியும் பாட்டி. கம்ப்யூட்டருக்குத் தெரியலை.’

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அடையாளம் தெரிந்த ஊழியர் ஒருவர் அதை எழுதிக் கையெழுத்திட்டால் மேலாளர் ஏற்றுக்கொள்ள இடம் இருந்தது. அவரிடம் நான் கேட்கவில்லை. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் அந்தக் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். 1918 தீர்ப்பு என் நினைவுக்கு வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வந்தது பயம். அந்தத் தொகைக்கு யாரும் பூஜ்யம் சேர்க்கப்போவதில்லை என்பதும், எதிரே நிற்பவர் அவரேதான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. நான் படிக்கத் தெரிந்தவன், பொருத்திப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று தடவை அலைந்தார். கடைசியில் முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொண்டுவந்தார். இன்ன பெயரும் இன்ன பெயரும் என்னையே குறிக்கும் என்று அதில் இருந்தது. தட்டச்சுக்காரர் மேலே தலைப்பில் மூன்றாவதாக ஒரு எழுத்துக் கூட்டலைப் போட்டிருந்தார். நோட்டரி முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. நான் மறுபேச்சில்லாமல் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, ‘எந்தப் பேரைப் போடணும்?’ என்று கேட்டார். நான் கட்டத்தைக் காட்டினேன்.